உறைபனிக்கு முந்திய வாரம்

செப்டம்பர் கடைசியில் தென் ஒன்ராறியோவுக்கு ஒரு வாரம் வரும். வடமேற்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று ஒரு மழையைக் கொட்டிவிட்டுக் கடந்துபோகும். அதன் பின்னால் உயரழுத்தக் காற்று வந்து நிலத்தின்மேல் தங்கிவிடும். பிறகு நாலைந்து நாளைக்கு மேகமும் இல்லை, காற்றும் இல்லை. பகலில் 18, 20 பாகை. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்கிறது. மேப்பிள் மரங்கள் உச்சிக் கிளைகளில் சிவக்கத் தொடங்குகின்றன. ரொறன்ரோக்காரர்கள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அல்கொன்குவின் பூங்காவுக்கு இலை பார்க்கப் புறப்படுகிறார்கள். ஆண்டின் மிக நல்ல வாரம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பின்வளவில் தோட்டம் வைத்திருக்கிற தமிழ்ச் சனங்கள் மட்டும் இந்த வாரத்து வானத்தை நம்புவதில்லை. பொழுது சாயும் நேரம் வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும். "தம்பி, இண்டைக்கு இரவு ஃப்ரொஸ்ட் அடிக்குமாம். கறிவேப்பிலையை உள்ளுக்கு எடுத்து வைச்சிட்டியளோ?" அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கோடைகாலத்து உழைப்பு முழுவதும் நிற்கிறது. பாவற்கொடியில் இன்னும் பிஞ்சு இருக்கிறது. மிளகாய் பாதி பச்சையாக நிற்கிறது. அவரை இப்போதுதான் பூத்திருக்கிறது. இத்தனையையும் ஒரே இரவில் கருக்கிவிடக்கூடிய ஒன்று, இவ்வளவு அழகான நாளின் முடிவில்தான் வருகிறது.

உறைபனி குளிர்காலத்தின் முதல் தூது என்று பேசிப் பழகிவிட்டோம். அதைத் தோட்டத்தில் நின்று கவனித்தவர்களுக்கு வேறொன்று தெரியும். அது இந்த நல்ல வானிலைக்குள்ளேயே உருவாவது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பிவிடுகிறது. எல்லா இரவும் நடப்பதுதான். மேகம் இருந்தால் அது அந்தக் கதிரை வாங்கி ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பும். மேகம் இல்லாவிட்டாலும் காற்றில் இருக்கும் நீராவி ஓரளவுக்கு அதே வேலையைச் செய்யும். வறண்ட வாரத்தில் இரண்டுமே இல்லை. காற்றும் அசையாததால், மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்று கீழிறங்கிக் கலப்பதில்லை. புல் நுனியும் மிளகாய் இலையும் தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. வானிலை நிலையத்தின் வெப்பமானி ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் ஒரு நிழற்பெட்டிக்குள் இருப்பது. அது 3 பாகை காட்டும் வேளையில் தரையோடு கிடக்கும் இலை சுழியத்துக்குக் கீழே போயிருக்கலாம். வானொலியில் சொன்ன எண்ணை மட்டும் நம்பிப் படுத்தவர்கள் காலையில் ஏமாந்துபோவது இதனால்தான்.

நல்ல தோட்டக்காரர் பின்னேரத்தில் வெப்பநிலையைவிடப் பனிபடுநிலையைத்தான் பார்ப்பார். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ அந்த எண் அது. துளி உருவாகும்போது நீராவி தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் இரவின் குளிர்ச்சி அந்த எண்ணுக்கு அருகில் வந்ததும் வேகம் குறையும். பின்னேரம் பனிபடுநிலை 8 பாகையாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சுழியத்துக்குக் கீழே இருந்தால், அன்று நண்பகல் எவ்வளவு வெயில் அடித்திருந்தாலும், இரவைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. காய்ந்துபோன மண்ணும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஈர மண் பகல் வெப்பத்தை ஆழத்துக்கு வாங்கி வைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். காய்ந்த மண்ணின் துளைகளில் காற்று நிறைந்திருப்பதால் வெப்பம் மேற்புறத்திலேயே நின்று சீக்கிரம் போய்விடுகிறது. உறைபனி வரும் என்று தெரிந்த நாளின் காலையிலேயே பாத்திகளுக்கு நீர் விடுங்கள் என்று பழைய கமக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

இதையெல்லாம் முதன்முதலில் ஒழுங்காக விளக்கியவர் ஒரு மருத்துவர். வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ், அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் 1757இல் பிறந்து இலண்டனில் தொழில் பார்த்தவர். பனித்துளியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1814இல் வெளிவந்தது. தெளிந்த இரவுகளில் கம்பளிப் பஞ்சை எடை போட்டு, புல்வெளியில் திறந்த இடத்திலும் பலகைக்கு அடியிலும் வைத்து, விடியலில் மறுபடி எடை போட்டு, எங்கே எவ்வளவு பனி சேர்ந்தது என்று அளந்தார். வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த பஞ்சில்தான் அதிகம் சேர்ந்தது. பனி மேலிருந்து விழுவதில்லை, பொருள் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்வதால் அதன்மேல் படிகிறது என்று இப்படித்தான் அவர் நிறுவினார். பிறகு மெல்லிய கைக்குட்டை ஒன்றை நான்கு குச்சிகளில் புல்லுக்குச் சற்று மேலே கட்டிப் பார்த்தார். அந்தக் கைக்குட்டைக்கு அடியிலிருந்த புல் வெளியே இருந்த புல்லைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சூடாக இருந்தது. தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளைப் பாயால் மூடுவதைப் பார்த்துத் தாம் முன்பெல்லாம் நகைத்ததையும், அது எவ்வளவு சரியான செயல் என்று அந்த இரவுகளில் உணர்ந்ததையும் வெல்ஸ் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். ஒரு விஞ்ஞானி தோட்டக்காரருக்குத் தலைவணங்கும் அந்த இடத்துக்காகவே எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை.

அவர் தம் விளக்கத்துக்கு இந்தியாவையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறையை ரொபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் விவரித்திருந்தார். குளிர்காலத்து இரவுகளில், திறந்த வெளியில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, அதில் கரும்புச் சக்கையோ சோளத் தட்டையோ பரப்பி, அதன்மேல் மெருகிடாத மண்தட்டுகளை வரிசை வரிசையாக வைத்துக் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிவிடுவார்கள். விடியுமுன் வந்து பனிக்கட்டியை எடுப்பார்கள். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் கட்டி கிடைத்தது. மேகம் வந்தாலோ காற்று அடித்தாலோ கிடைக்கவில்லை. நீர் ஆவியாவதால் குளிர்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். தெளிந்த வானமே காரணம் என்றார் வெல்ஸ். அலகாபாத்தின் பனிக்கட்டித் தொழிலாளருக்கு அவருடைய நூல் தேவைப்படவில்லை. எந்த இரவில் தட்டை வைக்க வேண்டும் என்பதை அவர்கள் வானத்தைப் பார்த்தே அறிந்திருந்தார்கள்.

ஸ்காபரோவில் மிளகாய்ச் செடிமேல் விரிக்கப்படும் பழைய சாரத்துக்கும் சேலைக்கும் வெல்ஸின் கைக்குட்டைக்கும் வேலை ஒன்றுதான். ஆனால் செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும். துணியைச் செடியின் கழுத்தில் சுற்றிக் கட்டிவிட்டால் பயன் பாதிதான். நிலத்தைத் தொடும்படி விரித்தால்தான் மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளே நிற்கும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். விடிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். நயாகராவின் திராட்சைத் தோட்டங்களில் இந்தக் காப்பை இயந்திரத்தால் செய்கிறார்கள். உயரமான கம்பங்களில் பெரிய விசிறிகளைச் சுழற்றி, மேலே நிற்கும் வெப்பக் காற்றைக் கீழே இழுத்துக் கலக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் செடிமேல் விடாமல் நீர் தெளிப்பார்கள். நீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வெளியாகிறது. உறைந்துகொண்டே இருக்கும் நீர்ப்படலம் இலையைச் சுழியத்துக்கு அருகிலேயே பிடித்து வைக்கிறது. நடுவில் நீர் நின்றால் எல்லாம் கெட்டுவிடும்.

காற்றில் ஈரம் இருக்கும் இரவில் உறைபனி வெள்ளையாகப் படிந்து காலையில் கண்ணுக்குத் தெரியும். மிக வறண்ட இரவில் அதுவும் இல்லை. வெள்ளைப் படிகம் எதுவும் படியாமலே இலைக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடும். காலையில் புல்வெளி வழக்கம்போலத்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் பாவலிலை வெந்த கீரை மாதிரித் துவண்டு, நண்பகலுக்குள் கறுத்துப்போகும். கருகலை மட்டும் விட்டுப்போகும் இந்த உறைபனியைத்தான் தோட்டக்காரர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள்.

இலைக்குள் நடப்பதும் சொல்ல வேண்டியது. பனிக்கட்டி முதலில் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் உருவாகிறது. அது அணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. குளிரால் தாக்கப்பட்ட செடி உண்மையில் நீரை இழந்து சாகிறது. இன்னொரு வியப்பு: சுத்தமான நீர் சுழியத்தில் உடனே உறைந்துவிடுவதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கரு இல்லாவிட்டால் அது பல பாகை கீழே போனாலும் நீராகவே நிற்கும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா தன் புரதத்தால் அந்தக் கருவாக இருந்து, -2 பாகை அளவிலேயே உறைதலைத் தொடக்கிவைக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஸ்டீவன் லிண்டோ, அந்தப் புரதத்தை உண்டாக்காத வகையை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். 1987இல் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு வயல்களில் அதைத் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய பாக்டீரியா ஒன்றை அனுமதியோடு திறந்த வெளியில் விட்டுப் பார்த்த முதல் சோதனை அதுவே. பெரும் எதிர்ப்பு எழுந்தது. மருந்து சந்தைக்கு வரவில்லை. தோட்டக்காரரின் கையில் இன்றும் இருப்பது துணிதான்.

ஊர் ஊராகவும் உறைபனி வேறுபடும். ஒன்ராறியோ ஏரி கோடையில் வாங்கிய வெப்பத்தை இலையுதிர் காலம் முழுவதும் கொடுத்துக்கொண்டிருப்பதால் கரையோரத்தில் முதல் உறைபனி அக்டோபர் கடைசிவரையும் தள்ளிப்போகும். கரையிலிருந்து வடக்கே போகப்போக நாள் முந்திக்கொண்டு வருகிறது. ஓக் ரிட்ஜஸ் மேட்டு நிலத்தின் பள்ளங்களில் செப்டம்பரிலேயே காணலாம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து தாழ்விடத்தில் தேங்கும். ஒரே தெருவில் மேட்டு வீட்டுக் கத்தரி தப்பி, பள்ளத்து வீட்டுக் கத்தரி கருகுவது இதனால்தான்.

இந்தத் தோட்டங்களை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் 1983க்குப் பிறகு இலங்கைப் போரால் துரத்தப்பட்டு வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பெற்றோர். விட்டுவந்த வளவுகளில் நின்ற செடிகளையே இங்கும் நட்டார்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் சாடிகளில் வளர்கின்றன, குளிருக்கு முன் யன்னலோரத்துக்கு வருகின்றன. அவற்றுக்கு வழி இருக்கிறது. கொடிகளுக்கும் அவரைக்கும்தான் வழியில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரொறன்ரோவில் ஜூன் மாதத்துப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். அவரையின் பல வகைகளும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஜூனிலும் ஜூலையிலும் கொடி வேலி முழுக்கப் படரும், இலையாக நிறையும், ஒரு பூ வராது. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் நான்காம் வாரத்தை ஒட்டித்தான் ஊதாப் பூங்கொத்துகள் வெளிவரும். தான் அறிந்த பகலின் நீளம் வரும்வரை அந்தக் கொடி காத்திருக்கிறது. அந்த நீளம் வந்து சேரும் வாரமும் உறைபனியின் வாரமும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. பூத்த அவரையை இழக்கும் முதியவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பழகிப்போய்விடும் என்று நினைத்தேன், பழகவில்லை.

இந்த நிலத்தில் உறைபனியோடு முதலில் மல்லாடியவர்கள் நாம் அல்ல. ஐரோப்பியர் வருமுன்பே வென்டாட் மக்கள் ஜோர்ஜியன் விரிகுடா வரைக்கும் சோளமும் பயறும் பூசணியும் பயிரிட்டார்கள். சோளம் விளையக்கூடிய வட எல்லைக்கு அருகிலிருந்த நிலம் அது. சீக்கிரம் முற்றும் கதிரின் விதையைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துத்தான் வெப்ப நாட்டுப் பயிரொன்றை அவ்வளவு தூரம் வடக்கே கொண்டுபோக முடிந்தது.

கனடாவின் மேற்குச் சமவெளியில் இதே கதை கோதுமையில் நடந்தது. ஒன்ராறியோவின் ஒட்டோனபீயில் டேவிட் ஃபைஃப் என்ற கமக்காரர் 1842இல் விதைத்துப் பெருக்கிய ரெட் ஃபைஃப் கோதுமைதான் நெடுங்காலம் அங்கே விளைந்தது. மாவு அருமையானது. ஆனால் முற்றுவதற்கு நாள் அதிகம் எடுக்கும். 1880களில் குடியேறிய கமக்காரர்களின் விளைந்த வயல்களை இலையுதிர் காலத்து முதல் உறைபனி மீண்டும் மீண்டும் அழித்தது. ஒட்டாவாவின் அரசுப் பரிசோதனைப் பண்ணையை நடத்திய வில்லியம் சோண்டர்ஸ், சீக்கிரம் முற்றும் கோதுமையைத் தேடி உலகம் முழுவதிலுமிருந்து விதை தருவித்தார். இந்தியாவிலிருந்து வந்தது ஹார்ட் ரெட் கல்கத்தா. விளைச்சல் குறைவு, ஆனால் வெகு சீக்கிரம் முற்றும். 1892இல் அதையும் ரெட் ஃபைஃபையும் கலந்தார்கள். அந்தக் கலப்பின் வழித்தோன்றல்களைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு மறுபடி கையில் எடுத்தவர் வில்லியமின் மகன் சார்ல்ஸ் சோண்டர்ஸ். ஒவ்வொரு கதிராகப் பிரித்தார். மணிகளை வாயிலிட்டு மென்று, பசைத்தன்மையைப் பற்களால் சோதித்தார். அப்படித் தேறியது மார்க்விஸ். ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பே அது முற்றியது. 1909இல் கமக்காரர்களுக்கு விதை கிடைத்தது. 1911இல் சஸ்காச்சுவானின் ரோஸ்தேர்னைச் சேர்ந்த சீகர் வீலர் தாம் விளைத்த மார்க்விஸைக் கொண்டுபோய் நியூயார்க் கண்காட்சியில் 1,000 டொலர் தங்கப் பரிசை வென்றார். 1920 வாக்கில் சமவெளிக் கோதுமையில் மிகப் பெரும்பகுதி மார்க்விஸ்தான். ஒரு வார முந்துதல் ஒரு நாட்டின் மேற்குப் பாதிக்குச் சோறு போட்டது.

உலகம் சூடாகிறதே, இனி உறைபனியைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தென் கனடாவில் உறைபனியற்ற காலம் நீண்டுவருவது உண்மை. ஆனால் 2012இல் நடந்ததை ஒன்ராறியோவின் ஆப்பிள்காரர்கள் மறக்கவில்லை. மார்ச் மாதம் கோடைபோல் சுட்டது. மரங்கள் ஏமாந்து சீக்கிரம் பூத்தன. ஏப்ரலில் தெளிந்த இரவுகள் வந்தன. மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காடு போயிற்று. சராசரி கூடினாலும் ஒரு தெளிந்த இரவு போதும்.

இங்கேதான் நம் தோட்டங்களில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் காய்க்கும் பாவற்காயை ஆசையோடு பறித்துச் சமைத்துவிடுகிறோம், அயலவருக்கும் கொடுக்கிறோம். இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படியே. கடைசியில், இலைக்குள் மறைந்து கண்ணில் படாமல் பழுத்த ஒன்றை, உறைபனிக்கு முந்திய பின்னேரம் அவசரமாகப் பிடுங்கி, "இது விதைக்கு" என்று வைக்கிறோம். ஆண்டுக்காண்டு இப்படிச் செய்தால், பிந்திக் காய்க்கும் கொடியின் விதையையே நாம் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். நாற்பது ஆண்டுகளாக இந்த மண்ணில் பயிர் வைத்தும் நம் விதைகள் இந்த மண்ணின் நாட்கணக்குக்கு வராததற்கு இது ஒரு காரணம் என்றே கருதுகிறேன். அவரையில் இது இன்னும் முக்கியம். நூறு கொடிகளில் ஒன்று ஓகஸ்டிலேயே பூக்கும். அதன் முதல் காயைக் கறிக்குப் போட்டுவிட்டால் அந்தக் கொடியின் குணமும் சட்டியோடு போய்விடும்.

முற்றவிட்ட காய் கொடியில் இருந்தால் புதுக்காய் குறையும் என்பார்கள். சரிதான். அதனால் முதலில் காய்த்த கொடி ஒன்றை மட்டும் விதைக்கென்று விட்டுவிடுங்கள், மற்றவற்றில் பறித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையின் பிள்ளைகள் தாயைப்போல் வருவதில்லை. ஊரிலிருந்து வந்த, கைமாறி வந்த பழைய விதைகளிலேயே இதைச் செய்யுங்கள். பாவல் மஞ்சளாகி வெடிக்கும்வரை, அவரை நெற்று கலகலக்கும்வரை விட்டு, கழுவவேண்டியதைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, எந்தத் தேதியில் முதல் பூ வந்தது என்று உறையின்மேல் எழுதுங்கள். அந்தத் தேதிதான் அடுத்த ஆண்டு உங்களுக்கு வேண்டியது. பாதியை அயலவருக்குக் கொடுங்கள். ஒரு வளவில் தவறினால் இன்னொரு வளவில் இருக்கும்.

இந்த ஆண்டு வறண்ட வாரம் தொடங்கிவிட்டால், மாலைக்குள் பச்சை மிளகாயையும் பச்சைத் தக்காளியையும் பறித்துவிடுங்கள், கறிவேப்பிலையை உள்ளே எடுங்கள், கத்தரிக்குத் துணி போடுங்கள். விதைக்கு இந்த வாரத்தை நம்பாதீர்கள். அதற்கான கொடியை ஓகஸ்டிலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.